ஈரப் புல்லை வெட்டச் சொன்னவனுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ராணிப்பேட்டைக்குக் கிளம்புகிறாய். புது யூனிட், புது பதவி, மேனேஜர் என்று அச்சடித்த புது அடையாள அட்டை. பெட்டி கட்டிக்கொடுக்க அம்மா வருவாள் என்று மூன்று நாளாக அறைக் கதவைத் திறந்து வைத்துப் பார்க்கிறாய். நான் வரமாட்டேன். உன் சட்டைகளை நீயே மடித்துக்கொள். மடிக்கத் தெரியாவிட்டால் கசங்கலோடு போட்டுக்கொள், மேனேஜரை யாரும் கேட்கப் போவதில்லை. நான் பெட்டிக்கு மேலே வைக்கப்போவது இந்தக் கடிதம்தான். நேரில் பேசினால் பாதியில் போன் வந்துவிட்டது என்று எழுந்து போவாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

அங்கேயும் கம்பெனி வாசலில் பெரிய புல்தரை இருக்கிறதாம். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற, புல் வெட்டும் வண்டி ஒன்றும் புதிதாக வாங்கியிருக்கிறார்களாம். நீதான் பெருமையாகச் சொன்னாய். அதனால் முதலில் வேலையைச் சொல்கிறேன், பிறகு உன்னைச் சொல்கிறேன். பொறியியல் படித்தவனுக்குப் புல் வெட்டக் கற்றுத்தர இவள் யார் என்று நினைப்பாய். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் அந்த வண்டியில் உட்கார்ந்தவள் நான். அதே கம்பெனியில் நீ சூப்பர்வைசராக வந்தபோது, "எங்கம்மா அட்மின்ல இருக்காங்க" என்று நண்பர்களிடம் சொன்னாய். என் காதில் விழுந்தது. அட்மின் ஆபீசுக்கு எதிரில் இருந்த புல்லில்தான் இருந்தேன், பெரிய பொய் இல்லை என்று விட்டுவிட்டேன்.

நம் கம்பெனிப் புல் ஏன் எந்நேரமும் ஈரமாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அது அழகுக்காக வளர்த்த புல் இல்லை. கம்பெனியின் டேனரியில், அதுதான் தோல் பதனிடுகிற இடத்தில், தோல் ஊறிய தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம். அதை வெளியே ஒரு சொட்டு விடக்கூடாது என்பது சட்டம். அதனால் புல்லுக்கு ஊற்றுகிறோம். தொட்டி நிறைந்தால் புல் குடித்தே ஆக வேண்டும், அதற்குத் தாகம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிற புல் தடிமனாக, சாறு நிறைந்து இருக்கும். அதை ஈரத்தோடு வெட்டினால் வண்டியின் அடியில், பிளேடை மூடியிருக்கிற அந்த இரும்பு மூடியின் உள்பக்கம், அரைத்த மருதாணி மாதிரி அப்பிக்கொள்ளும். ஒரு நாள் விட்டால் காய்ந்து கெட்டியாகும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. நான்கே நாளில் பிளேடு சுற்ற இடமில்லாமல் வண்டி முனகும், புல் வெளியே வருகிற வாய் அடைத்துப்போகும், தரையில் கொத்துக் கொத்தாகத் துப்பிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, இரும்பைத் தின்றுவிடும்.

நானும் எடுத்த எடுப்பில் கற்றுக்கொண்டவள் இல்லை. தோல் ஊர்க்காரி என்ற கொழுப்பு எனக்கு. அடியில் ஒட்டியதைச் சுரண்ட, தோலில் சதை வழிக்கிற கத்தி ஒன்றை டேனரி ஆட்களிடம் கேட்டு வாங்கினேன். ஒரே இழுப்பில் வழித்து எடுத்தது, கூடவே பெயிண்ட்டையும் வழித்து எடுத்தது. கீறல் விழுந்த இடத்தில் புல் முன்பைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது. சரி, வழுக்கலாக இருந்தால் ஒட்டாது என்று, தோலை மிருதுவாக்க ஊற்றுகிற எண்ணெயை வாங்கி உள்ளே தடவினேன். தோலுக்குப் போடுகிற மருந்து இரும்புக்கும் ஆகும் என்று நினைக்கிற முட்டாள்தனம் நம் ஊரில் மட்டும்தான் நடக்கும். வெட்டிய புல், தூசி, செத்த பூச்சி எல்லாம் அந்த எண்ணெயில் சிக்கிக்கொண்டன. இரண்டு நாள் கழித்து வந்த நாற்றத்தில் வாட்ச்மேன் தன் நாற்காலியை கேட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டார். கடைசியில் பிழைக்க வைத்தது தென்னை மட்டையும் மெழுகும். மட்டையைச் சீவிப் பட்டையாக்கிக்கொண்டால் புல்லை வழிக்கும், இரும்பைத் தொடாது. ஷூவுக்கு மினுக்குப் போடுகிற மெழுகை, உள்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு தேய்த்துவிட்டால் அடுத்த தடவை புல் தானாக உதிரும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். முதல் காரியம், ஈரத்தில் வெட்டாமல் இருப்பது. பம்ப் பார்க்கிறவரிடம் சொல்லி, நான் வெட்டுகிற நாளுக்கு முந்தின நாள் மத்தியானமே வாசல் பக்கத்து வால்வை மூடி வைப்பேன், தண்ணீர் பின்பக்கத்துத் தோப்புக்குப் போகும். மறுநாள் பனி காய்ந்து, பத்தரை பதினொன்றுக்கு மேல்தான் வண்டியை எடுப்பேன். கையை வைத்துப் பார்ப்பேன், உள்ளங்கை நனைந்தால் போய் உட்கார்ந்துகொள்வேன். வெட்டித்தான் தீர வேண்டும் என்றால் பிளேடின் உயரத்தைக் கூட்டி நுனியை மட்டும் எடுக்க வேண்டும், வண்டி மெதுவாகப் போக வேண்டும், பிளேடு மட்டும் முழு வேகத்தில் சுற்ற வேண்டும், அதுவும் நேற்றுச் சாணை பிடித்த பிளேடாக இருக்க வேண்டும். முடித்ததும் வண்டி சூடாக இருக்கும்போதே கழுவி, ஐந்து நிமிஷம் சும்மா ஓட்டிக் காயவைக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்கு உளி வேண்டும். நீ சூப்பர்வைசராக வந்த இரண்டாவது மாதமே அந்த வால்வை மூடக்கூடாது என்று உத்தரவு போட்டாய், தொட்டி மட்டம் ஏறுகிறதாம். உன் சார்ட்டில் தொட்டி இருந்தது, புல் இல்லை. நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். என் மகன் போட்ட முதல் உத்தரவு என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனி, சொல்ல வெட்கமாக இருக்கிறதைச் சொல்கிறேன். அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் அமுங்கும், ஆள் எழுந்தால் இன்ஜினும் பிளேடும் நின்றுவிடும். உயிரைக் காப்பாற்ற வைத்தது. எனக்கு அது பேஜார். நான் கனமில்லாதவள், மேட்டில் ஏறி வண்டி குலுங்கினாலே நின்றுபோகும். ஈரப் புல் அடைத்து நான் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நின்றுபோகும். திரும்பக் கிளப்புவதற்குள் விடிந்துவிடும். ஒருநாள் கட்டிங் செக்‌ஷன் குப்பையில் இருந்து அடித்தோல் துண்டு ஒன்றை எடுத்து, நான்காக மடித்து, மெழுகு நூலால் கட்டி, அந்த சுவிட்சுக்கு மேலே சொருகினேன். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் வண்டிக்கு ஒன்றுதான். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிளேடு லிவரை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவேன், மட்டையால்தான் குத்துவேன். மறந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை, ஏனென்றால் நான் மறக்கவில்லை.

ரிட்டயர் ஆனபோது எஸ்தரிடம் வண்டியைக் கொடுத்தேன். அவளை உனக்குத் தெரியும், தெரியாதது மாதிரி விபத்து ரிப்போர்ட்டில் 'மேற்படி பணியாளர்' என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வருஷம் ஷூவின் மேல்தோல் தைத்தவள். தோள்பட்டை போன பிறகு தோட்டத்துக்கு மாற்றினார்கள். உன் அப்பா இறந்தபோது பத்து நாள் நம் வீட்டில் சமைத்தவள். முதல் நாளே சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, சீட்டுக்குக் கீழ தோலு சொருகி வச்சிகீறே?"

"அத எடுக்காதே. எடுத்தா நீ எறங்கும்போதெல்லாம் நின்னு பூடும்."

"நிக்கறதுக்குத்தானே வச்சிருப்பான் கம்பெனிக்காரன்?"

"பதினோரு வருஷமா ஓட்டறேன், எனக்கு இன்னா ஆச்சி? லிவர நிறுத்திட்டு எறங்கு, அவ்ளோதான்."

அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது திமிர் பிடித்த பதில். என்னை நம்பி அவள் அதை எடுக்கவில்லை. இதையும் கேள், உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அடுத்த வாரம் உன் நண்பர்களுக்குக் காட்ட நீயே அந்த வண்டியில் ஏறி ஒரு சுற்று ஓட்டினாய். இறங்கியபோது இன்ஜின் நிற்கவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தாய். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மா, அந்தத் தோலு உன் வேலையா? செம டெக்னிக்மா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பாதுகாப்புக்குப் பொறுப்பாளி என்று சம்பளம் வாங்கியவன் நீ. ஒரு தோல் துண்டைப் பிடுங்கிப் போட உனக்கு இரண்டு விரல் போதும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நான் உன் ரிப்போர்ட்டில் இருந்து தெரிந்துகொள்ளவில்லை, வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எஸ்தர் வாயால் தெரிந்துகொண்டேன். பத்து மணிக்கு, ஷூ ஆர்டர் கொடுக்கிற ஜெர்மன்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். முந்தின இரவெல்லாம் தண்ணீர் ஓடியிருக்கிறது. ஏழரைக்கு அவள் உன்னிடம் வந்து, "சார், புல்லு சொதசொதன்னு கீது, அவங்க போன பிறகு மதியானமா வெட்டிடறேன்" என்று சொல்லியிருக்கிறாள். நீ போனில் இருந்து தலையைத் தூக்காமல், "பத்து மணிக்குப் புல்லு கோடு கோடா தெரியணும். முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றாய். அவளுக்கு வேறு வேலை கிடையாது என்று தெரிந்துதான் சொன்னாய். மூன்று தடவை அடைத்தது. மூன்று தடவையும் லிவரை நிறுத்தி இறங்கி மட்டையால் குத்தியிருக்கிறாள். ஒன்பதரைக்கு நீ மாடி ஜன்னலில் இருந்து வாட்ச்சைத் தட்டிக் காட்டினாய். நான்காவது தடவை அவள் லிவரை மறந்தாள், மட்டைக்குப் பதில் கையை விட்டாள். அந்தத் தோல் இல்லாவிட்டால் அவள் எழுந்த அந்த நொடியே வண்டி நின்றிருக்கும். வலது கையில் மூன்று விரல்கள். புல்லோடு சேர்ந்து வண்டியின் வாய் வழியாக வெளியே வந்தனவாம். ஜெர்மன்காரர்களை நீ பின்பக்க கேட் வழியாக அழைத்துப் போனாய்.

கம்பெனி வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை இருக்கிறதே, மறுநாள் காலையிலும் அதில் ஓர் எண் கூடியிருந்ததாம். பணியாளர் பாதுகாப்பு சுவிட்சைத் தாமே செயலிழக்கச் செய்துவிட்டுக் கையை விட்டார், அதனால் இது கம்பெனிக் கணக்கில் வராத விபத்து என்று எழுதிவிட்டாய். எழுதியதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், மயக்கம் முழுசாகத் தெளியாதவளிடம் அதில் கைநாட்டு வாங்கினாய். அவள் கையெழுத்துப் போடத் தெரிந்தவள், உன்னைவிட அழகாகப் போடுவாள். வலது கை கட்டுக்குள் இருந்ததால் இடது கைப் பெருவிரலை நீயே பிடித்து மையில் தொட்டு வைத்தாயாம். "படிச்சிக் காட்டலக்கா. ஆஸ்பத்திரி பேப்பர்னு நெனச்சேன். உம்புள்ளதானே புடிச்சிகினு கீறான்னு வச்சேன்" என்று சொன்னாள். அவள் அழவில்லை. நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். உன்னைப் பெற்ற வயிற்றை அன்றைக்கு வெறுத்தேன். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்டால், அம்மாவிடமிருந்து என்று சொல். நீ எட்டாவது படித்தபோது கணக்கு டீச்சரின் செல்போனை வாளித் தண்ணீரில் போட்டாய். பயந்துபோய் ஜாவித்தின் பெயரைச் சொன்னாய். பக்கத்து வீட்டுப் பையன், உன் தோஸ்த். சாயங்காலம் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "மா, நான்தாம்மா போட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னாய். அப்போது உனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, அதை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது. நான் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? "வாய மூடிக்கினு சாப்புடு." வெளியே தெருவில் ஜாவித்தை அவன் அப்பா பெல்ட்டால் அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கக்கூடாது என்று நான் ஜன்னலைச் சாத்தினேன். உனக்கு இன்னொரு தோசை ஊற்றினேன், நெய் விட்டு. நீ சாப்பிட்டாய். இன்றைக்கு ஜாவித் வேலூர் லாங் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி" என்று கேட்கிறான். அதனால் நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நீ என் தட்டில் நீயே குழம்பு ஊற்றினாய். இருபத்தொன்பது வயதில் முதல் தடவை. என்னமோ வருகிறது என்று அப்போதே தெரிந்தது. "மா, திங்கக்கெழம என்கொயரி. உன்ன கூப்ட்டாலும் கூப்டுவாங்க. அந்தத் தோலு பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. உனக்கும் பிரச்சனை, எனக்கும் புரமோஷன் போயிடும். எஸ்தர் அக்காவுக்கு நான் அப்புறம் எதாவது செஞ்சி குடுக்கறேன்" என்றாய். ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கேட்கிறாய், இந்தத் தடவை நீ. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

விசாரணையில் உன் ரிப்போர்ட் நின்றால் எஸ்தருக்கு வேலை போகும், நஷ்டஈடும் கிடையாது, தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட முட்டாள் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். மூன்று விரல் இல்லாதவளை வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. அதனால் நான் நேற்றே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். தோலைச் சொருகியது நான். எடுக்காதே என்று சொன்னது நான். பார்த்துவிட்டுச் சிரித்தது நீ. ஈரத்தில் வெட்டச் சொன்னது நீ. மயக்கத்தில் கைநாட்டு வாங்கியது நீ. நான்கு பக்கம் எழுதினேன், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அம்மா இப்படிச் செய்வாளா என்று நீ கேட்கலாம். செய்தாள். உன் புது அடையாள அட்டை திங்கட்கிழமை சாயங்காலம் வரை தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்காவிட்டால் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன். உன்னைப் படிக்க வைத்த ஒவ்வொரு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்தும் எழுதிக் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை இந்த இடத்தோடு முடித்திருந்தேன். உனக்குத் தருவதற்கு முன் எஸ்தரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவளைப் பற்றித்தானே எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், என்னைப் பார்த்து அவள் நெகிழ்ந்து போவாள், பெற்ற பிள்ளையையே காட்டிக்கொடுத்த மகராசி என்று கையைப் பிடித்துக்கொள்வாள் என்ற ஆசையும் இருந்தது. இன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. வலது கை தலையணை மேல் இருந்தது. இடது கையால் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டி, அவசரமில்லாமல் படித்தாள். எல்லாவற்றையும் படித்து முடித்து, அடுக்கி, என் மடியில் வைத்தாள்.

"நல்லா எழுதிகீறேக்கா. உம்புள்ளய இன்னா திட்டு திட்டிகீறே! மெழுகு எப்டித் தேய்க்கறதுன்னுகூட கீது. எங்கிட்ட மன்னிப்பு கேட்டு ஒரு வரி இல்லியே?"

ஆஸ்பத்திரிக்கு ஆறு தடவை போயிருக்கிறேன், கஞ்சி கொண்டுபோயிருக்கிறேன், தலை வாரிவிட்டிருக்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. உன்மேல் வந்த கோபத்தில் என் பங்கு எனக்கே சின்னதாகத் தெரிந்திருக்கிறது. அவள் காலடியில் உட்கார்ந்து, "தப்பு பண்ணிட்டேன் எஸ்தர், மன்னிச்சிடு" என்றேன். அவள் இடது கையால் காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு சொன்னாள்: "இப்ப நான் சொல்லித்தானே கேக்கறே. வுடுக்கா. காப்பி ஆறுது, குடி." குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இனி நான் எத்தனை தடவை கேட்டாலும் அது அவள் சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்கும்.

உனக்கு அப்படி இல்லை. உன்னிடம் அவள் இன்னும் எதுவும் கேட்கவில்லை. ராணிப்பேட்டைக்குப் போகிற வழியில் அவள் தெரு முனையில்தான் வண்டி திரும்பும். இறங்கு. அவள் வாய் திறப்பதற்கு முன்னால் கேட்டுவிடு.